பாசி பிடித்த தரை

அறையில் இருந்தவர்கள்:

சப்-இன்ஸ்பெக்டர் கலையரசன், மேசைக்குப் பின்னால், உட்கார்ந்து.
ஏட்டு செங்கல்வராயன், ஜன்னலோரம், நின்று.
ஒரு பெண் காவலர், சட்டையில் பெயர்ப்பட்டை இல்லை, வாசற்படிப் பக்கம், கைப்பேசியைத் தள்ளிக்கொண்டு.
ஜெபக்குமார், வேன் டிரைவர், சட்டையில்லாமல், யாருடையதோ லுங்கி கட்டி, நின்று.
ஹெலன், அவனுடைய அக்கா, உட்கார்ந்து.

இது ஹெலனுக்குத் தொழில் பழக்கம். காவலில் ஆட்களை வைத்திருக்கும் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், யார் யார் இருந்தார்கள் என்று முதலில் மனதுக்குள் எழுதிக்கொள்வாள். அப்புறம் கேட்டால் ஒருத்தரும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள், அதனால்தான். ஆப்பிரிக்காவில், சண்டை நின்றும் நிற்காத ஒரு நாட்டில், சர்வதேசக் களப்பணி மிஷன் ஒன்றில், சட்டத்தின் ஆட்சிக்கும் மனித உரிமைக்குமான பிரிவுக்கு அவள்தான் தலைவி. ராணுவ முகாம்களின் பின்கட்டுகளையும், கப்பல் சரக்குப் பெட்டிகளில் ஓட்டை போட்டுச் செய்த சிறைகளையும் பார்த்தவள். அங்கே அவள் வண்டி வந்து நின்றால் கர்னல்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவார்கள்.

இங்கே, கடற்கரைச் சாலையில் ஒரு காவல் நிலையத்தில், பட்டியலின் கடைசி இரண்டு வரிகள் அவளை உறுத்தின. தம்பி நிற்கிறான், தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்துவிடலாம் என்று பார்த்தாள். எழவில்லை.

"மேடம் டீ சாப்பிடுறீங்களா?" என்றான் கலையரசன். முப்பது வயது இருக்கும். மேற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவன். பேச்சில் இந்தப் பக்கத்து இழுப்பு இல்லை.

"வேண்டாம்."

"வெளிநாட்டுல ஏதோ மிஷன்ல இருக்கீங்களாமே. மிஷன்னா, இந்தப் பைபிள் குடுக்கறது, அதுவா?"

"இல்ல. போலீஸ், கோர்ட்டு, ஜெயில் இதெல்லாம் சட்டப்படி நடக்குதான்னு பாக்கற வேலை."

"அடேங்கப்பா. அப்ப எங்களுக்கே மேலதிகாரி." ஏட்டைப் பார்த்துக் கண்ணடித்தான். "இங்க வந்து பாக்கறதுக்கு ஆர்டர் ஏதாச்சும் இருக்குங்களா?"

"நான் லீவுல வந்திருக்கேன்."

"அப்ப பப்ளிக்."

"இவனோட அக்கா."

"அக்காவையும் நாங்க பப்ளிக்லதான் மேடம் சேர்ப்போம்."

ஜெபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தான், சூடான மணலில் நிற்கிறவன் மாதிரி.

அவன் செய்தது என்னவோ உண்மைதான். திருவிடந்தைக்குத் தெற்கே அவர்கள் காலனியிலிருந்து கல்லறைக்குப் போகும் பாதையை மறித்து ஒரு ரிசார்ட்காரன் சுவர் எழுப்பினான். மனு கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் ஒரு சாவு விழுந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைச் சுற்றி, லாரிகளுக்கு நடுவே நடந்தார்கள். மறுநாள் ஜெபா தன் வேனில் சங்கிலியைக் கட்டிச் சுவரின் ஒரு பக்கத்தை இழுத்துத் தள்ளினான். மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகிற வேன். பகலில், எல்லோரும் பார்க்க. அதைப் படமெடுத்துப் போட்டவனும் அவன்தான். முட்டாள்தனத்தில் அந்தக் குடும்பத்துக்கு எப்போதுமே குறைவில்லை.

வழக்கு வரட்டும். அதற்கு வக்கீல் இருக்கிறாள். ஹெலனின் பயம் வழக்கைப் பற்றியது அல்ல. நாளைக்குக் காலையில் இவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அதுவரை இவன் இந்தக் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் பயம்.

"அவனோட தனியா பேசணும்," என்றாள்.

"தாராளமா."

கேட்ட உடனே கொடுத்துவிட்டான். அந்த வேகமே அவளை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

பின்பக்கம் பறிமுதல் செய்த வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்தன. ஓரத்தில் தகரக் கதவு போட்ட குளியலறை. அதன் வாசலில்தான் நின்று பேசினார்கள்.

"நீ இன்னாத்துக்குக்கா வந்த?" என்றான் ஜெபா.

"அடிச்சாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"காலைத் தூக்கு."

"வுடுக்கா."

"தூக்குடா நாயே."

சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கால் வெந்த பீட்ரூட் நிறத்தில் வீங்கியிருந்தது. இப்படிப்பட்ட பாதங்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவற்றுக்கு அறிக்கையில் ஒரு தலைப்பும் உண்டு. இந்தப் பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் மீன் முள் குத்தி, அவள்தான் ஊசியால் எடுத்தாள்.

"யாரு?"

"மத்தியானம் ஒருத்தன் வந்தான். யூனிஃபார்ம் இல்ல. ரிசார்ட்டு மேனேஜரும் கூட வந்து சேர் போட்டு உக்காந்துகினு பாத்தான். அக்கா, நீ எதுவும் சொல்லிடாத. நாளைக்குக் கோர்ட்டுக்கு இட்டுகினு பூடுவாங்க. அதுவரிக்கும் கம்முனு இருந்தா முடிஞ்சிது. சத்தியமா சொல்லாத."

"சரி."

சரி என்றுதான் சொன்னாள். உள்ளே போனாள், ஜெபா நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான். கலையரசன் பல் குத்திக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், அங்கே அந்த நாட்டில் கர்னல்கள் முன்னால் வருகிற குரல் அவளுக்குத் தானாக வந்துவிட்டது.

"இவன் காலை டாக்டர் பாக்கணும். மத்தியானம் வந்த ஆள் யாரு? புகார் குடுத்தவன் உள்ள உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு?"

பெண் காவலர் கைப்பேசியை இறக்கினார். கலையரசன் ஹெலனைப் பார்க்கவே இல்லை. ஜெபாவைத்தான் பார்த்தான், பிள்ளையைப் பார்ப்பதுபோல அன்பாக.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா தம்பி?"

ஜெபா லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

"ஏட்டய்யா. பின்னாடி பாத்ரூம்ல பாசி புடிச்சிருக்குன்னு சொல்லியிருந்தேனே. கழுவி விட்டாச்சா?"

"இன்னும் இல்ல சார்," என்றார் செங்கல்வராயன்.

"பாத்து. யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்க. அப்புறம் மனித உரிமைக்காரங்கல்லாம் வருவாங்க." பல்குச்சியைக் கூடையில் போட்டான். "மேடம், பாத்தாச்சில்ல? கிளம்புங்க."

இந்த மாநிலத்தில் இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பிடிபட்டவன் குளியலறையில் வழுக்கி விழுவான். விழுந்தவனுக்கு மண்டை உடையாது, முதுகு பிசகாது. கைதான் முறியும், அதுவும் எந்தக் கையால் பிழைக்கிறானோ அந்தக் கை. மறுநாள் மாவுக்கட்டோடு படம் வரும். நாடே கைகொட்டிச் சிரிக்கும். ஜெபாவே அப்படிப்பட்ட படங்களைக் குடும்பக் குரூப்பில் போட்டுப் பல்லிளிக்கும் பொம்மை வைத்தவன்தான். "நல்லா வேணும்" என்று எழுதுவான். அக்கா அங்கிருந்து திட்டுவாள். "உனுக்கு எதுக்கெடுத்தாலும் உரிமைதான்" என்று பதில் போடுவான்.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெபாவின் மனைவி வரலட்சுமி டிபன் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள். சோறு உள்ளே போகவில்லை.

"இன்னா அண்ணி சொன்னாரு? நல்லாக்கீறாரா?"

"இருக்கான்."

"மூஞ்சி ஏன் அப்டி கீது உனுக்கு?"

ஹெலன் மரத்தில் சாய்ந்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. இடுப்பில் துடைத்தாள், மறுபடியும் ஈரமானது.

மிஷனில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் அவள்தான் நடத்துவாள். ஒரு சிறைக்குள் போனால் ஒருத்தனை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசாதே. எல்லோரிடமும் பேசு. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேள், ஒரே அளவு நேரம் உட்கார். சொன்னவன் யார், சொல்லாதவன் யார் என்று காவலாளிக்குத் தெரியக் கூடாது. வெளியே வரும்போது ஒன்றுமே கேட்காத முகத்தோடு வா. இரண்டாவது, அறைக்குள் நீ இருக்கும்போது கதவுக்கு வெளியே நம் ஆள் ஒருத்தர் நிற்க வேண்டும், சாவி வைத்திருக்கிறவன் கையைப் பார்த்துக்கொண்டு. கதவை ஒருபோதும் உன் பின்னால் பூட்ட விடாதே.

போன வருஷம் ஓர் இளம் அதிகாரி, நல்ல பையன், வடக்கே ஒரு முகாமில் இந்த முதல் பாடத்தை மறந்தான். ஒரு கைதியை மரத்தடியில் தனியே உட்கார்த்தி வைத்து அழ அழக் கேட்டுக்கொண்டான். அடுத்த முறை போனபோது அந்தக் கைதி இல்லை. "வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம்" என்றார்கள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஹெலன் அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பினாள். அவன் அழுதபோது, "உன் கண்ணீர் அவனுக்கு உபயோகப்படாது" என்று சொன்னாள். நல்ல வாக்கியம் என்று அப்போது அவளுக்கே தோன்றியது.

"அண்ணி, சொல்லு. அடிச்சிட்டாங்களா?"

"கால்ல."

"இனிமே அடிப்பாங்களா?"

"நான் வாயை வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா அடிச்சிருக்க மாட்டாங்க."

அவள் பேச்சு ஊர்ப் பேச்சாக மாறிவிட்டதை வரலட்சுமி கவனித்தாள். அதிலிருந்தே எவ்வளவு மோசம் என்று அவளுக்குப் புரிந்துபோனது. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஹெலன் செங்கல்பட்டிலிருந்து வரவேண்டிய வக்கீல் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டாள்.

"கிளம்பிட்டேன்க்கா. திருக்கழுக்குன்றத்துல மாட்டிக்கினேன். இன்னைக்குத் தேரு. நாலு பக்கமும் மறிச்சிட்டாங்க, ஸ்கூட்டி கூட நகரல. எப்படியும் இருட்டிடும். ஒண்ணு சொல்றேன், அவரைக் கண்ணுல இருந்து வுட்றாதீங்க. நீங்க அங்க நிக்கற வரைக்கும் பயப்படுவாங்க."

"என்னை யாரும் பாத்துப் பயப்படலம்மா," என்றாள் ஹெலன்.

அது உண்மை. அந்த நாட்டில் அவளுக்குப் பயம் வந்திருக்கிறது, குண்டுச் சத்தத்துக்கு நடுவே கூட. ஆனால் அங்கே பயத்துக்கு ஒரு ரேடியோ அலைவரிசை இருந்தது. பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒருத்தர் அவள் பெயரைச் சொல்லிப் பேசுவார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இருந்தது. மிஷனின் நீலச் சட்டை இருந்தது. இங்கே பருத்திச் சுடிதாரும் கைப்பையும். அவள் அப்பா தேவசகாயம் இதே நிலைய வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர். அப்படி நிற்கும்போது அவர் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை படிப்பும் அந்த வயிற்றுக்குள் இறங்கவில்லை.

செங்கல்வராயன் வெளியே வந்தார். பீடி பற்றவைத்தார். வெயில் தணிந்து, சவுக்குத் தோப்புக்கு மேலே வானம் பழுக்கத் தொடங்கியிருந்தது. கடல் காற்று திரும்பியிருந்தது.

"நீ தேவசகாயம் பொண்ணுதான?" என்றார் பக்கம் பாராமல்.

"ஆமாங்க."

"நல்ல மனுசன். கிளம்பும்மா. இருட்டறதுக்குள்ள வூடு போய்ச் சேரு. பொழுது போனப்புறம் ஸ்டேஷன்ல பொம்பளைங்க இருக்கக்கூடாது, எங்களுக்குப் பேஜாரு. அரெஸ்ட்டு பண்ணாக் கூட ராத்திரில பொம்பளைய இங்க வெச்சிருக்க முடியாது. பேப்பர்காரன் நாறடிச்சிடுவான்."

"ஏட்டய்யா. எந்தக் கை?"

அவர் பீடியை இழுத்தார். புகையைக் காற்று அவர் முகத்திலேயே அடித்தது.

"என்னெ எதுக்கும்மா கேக்கற. எனுக்கு ரிடயர்மென்ட்டு வர்து."

"எந்தக் கைங்க?"

"கியர் போடற கையி இன்னா கை?" என்றார். பாதி பீடியைக் காலில் மிதித்துவிட்டு உள்ளே போனார்.

வரலட்சுமி சத்தமில்லாமல் மண்ணில் உட்கார்ந்தாள். ஹெலன் அவளைத் தூக்கவில்லை. அவர் சொன்ன வேறொரு வாக்கியத்தில் அவள் மனம் மாட்டிக்கொண்டு நின்றது. பொழுது போனப்புறம் பொம்பளைங்க இருக்கக்கூடாது.

அவள் யோசித்தது வீரமாக இல்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது. ஓடிப்போய் பஸ் ஏறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்தப் பையனை அனுப்பியதுபோல யாராவது தன்னையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. அனுப்ப ஆள் இல்லை.

கைப்பேசியை வரலட்சுமியின் கையில் திணித்தாள்.

"கேளு. நான் உள்ள போறேன். திரும்பி வரலன்னா, தெரு லைட்டு எரிஞ்ச உடனே தமிழ்ச்செல்விக்குப் போன் போடு. புருசனைப் பத்திப் பேசாத. ஒரு பொம்பளைய ஆம்பளைங்க லாக்கப்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொல்லு. அவகிட்ட மட்டும் இல்ல, இதுல கீற எல்லார்கிட்டயும். சர்ச்சு குரூப்பு, காலனிப் பசங்க, எல்லாரும்."

"உன்ன எதுக்கு அண்ணி பூட்டப் போறாங்க?"

"பூட்டணும்," என்றாள் ஹெலன்.

"உனுக்குப் பயமா இல்ல?"

"கால் நடுங்கறது தெரியல?"

வரலட்சுமி டப்பாவை நீட்டினாள். "அப்ப இத்தயாச்சும் எட்து போ. காலைலருந்து அவரு ஒண்ணும் துன்னல."

உள்ளே போனபோது செங்கல்வராயன் லாக்கப் கதவைத் திறந்துகொண்டிருந்தார். "டேய் ஜெபா. வா, பாத்ரூம் போவணும்னியே."

"நான் கேக்கலயே," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். பிறகு கெஞ்சியது. "சார். நான் கேக்கவே இல்ல சார்."

ஹெலன் நேராகக் கலையரசன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். இந்த முறை உட்காரவில்லை.

"உள்ள எத்தனை பேர் இருந்தாலும் எல்லார்கிட்டயும் பேசணும்."

"நீங்க இன்னும் போகலையா?"

"என் தம்பி ஏதோ சொன்னான். அது உண்மையா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? மத்தவங்களையும் கேட்டாத்தான் தெரியும். எங்க வேலையில அதுதான் ரூல்ஸு."

கலையரசன் நாற்காலியில் சாய்ந்தான். இந்த அம்மாளைப் பார்க்க அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பெரிய பெரிய இங்கிலீஷ் வேலை, கையில் டிபன் டப்பா, நெற்றியில் வேர்வை. "உள்ள அவனுங்க எந்தக் கோலத்துல இருக்கானுங்கன்னு தெரியுமா மேடம்?"

"பாத்திருக்கேன்."

"எங்களுக்கும் ரூல்ஸ் இருக்கு. உள்ள ஆள் இருந்தா கதவு பூட்டித்தான் இருக்கணும். பேசணும்னா உள்ள போய்ப் பேசுங்க. பூட்டிடுவோம். சரியா?" பயந்து ஓடுவாள் என்று காத்திருந்தான்.

"சரி."

"சார்," என்றார் பெண் காவலர். முதல்முறையாக வாயைத் திறந்தார். "லேடீஸ் சார். மணி..."

"மேடம்தான கேக்கறாங்க. கொசுக்கடி தாங்காம கொஞ்ச நேரத்துல அவங்களே கத்துவாங்க. ஏட்டய்யா, அந்தப் பாத்ரூம் அப்புறம் பாத்துக்கலாம். மேடத்துக்குக் கதவைத் தொறந்து விடுங்க."

செங்கல்வராயன் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை. ஜெபாவின் தோளிலிருந்து கையை எடுத்து, அவனைத் திரும்ப உள்ளே விட்டார்.

லாக்கப்புக்குள் மூத்திர வாடையும் பினாயில் வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. மூன்று பேர். மூவரும் ஜட்டியோடு இருந்தார்கள். அக்காவுக்காகக் கொடுத்த லுங்கியை ஜெபாவிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டிருந்தார்கள். அவன் சுவர் மூலையில் ஒடுங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"வெளிய போக்கா. ஐயோ, வெளிய போக்கா."

அவள் அவனிடம் போகவில்லை. போகவேண்டும் என்று உடம்பு முழுக்க இழுத்தது. கதவுப் பக்கம் குந்தியிருந்த கிழவரின் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள். தரை ஈரமாக இருந்தது.

"உங்க பேரு இன்னா ஐயா?"

"அப்பாசாமி," என்றார் அவர். சாராய வாடை வந்தது. தொடையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். "நீ யாரும்மா? உன்ன எதுக்குப் புட்சாங்க?"

"சும்மா பேசிக்கினு இருக்கலாம்னு வந்தேன்."

"இங்கயா?"

பக்கத்தில் இருந்த வாலிபன், பெயர் கேசவன் என்று பிறகு சொன்னான், சிரித்துவிட்டான். உதடு கிழிந்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஹெலன் டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறு. மூடியிலும் அடுக்கிலுமாக மூன்று பங்காகப் பிரித்தாள், எந்தப் பங்கும் மற்றதைவிடப் பெரிதாக இல்லாமல். கடைசிப் பங்கைத்தான் மூலைக்குத் தள்ளினாள்.

அவன் இரண்டு கையாலும் அதை வாங்கினான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. வரலட்சுமி நிற்கிறாளா, ஓடிவிட்டாளா, இங்கிருந்து தெரியாது. கதவுக்கு வெளியே நம் ஆள் யாரும் இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல், ஹெலன் அப்பாசாமியிடம் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.